மேற்கே வைத்த பெட்டி

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் எங்கள் கலைமகள் நகர் மூன்றாம் தெருவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டுப் போனது ஒரு பெட்டி மட்டும்தான், அதுவும் என் வீட்டு முன்னறையில் வைத்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் போனது என்று சொன்னால், புதுக்கோட்டையின் மற்றத் தெருக்காரர்கள் இன்றைக்கும் சிரிக்கத்தான் செய்வார்கள். மூன்றாம் தெருக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள், எந்தத் தேதியில் அது எந்த ஊரில் இருந்தது என்று நம்மைத் திருத்துவார்கள்.

பெட்டி அடைக்கலம் சாருடையது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர்; குக்கர் விசில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று தெரிந்து வைத்திருப்பவர்; வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் வாசலைத் தாண்டவிட்டதில்லை. அவர் மனைவி உமையாள் அக்கா. இருவருக்கும் ஒரே மகன், கதிரேசன், ஏழு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்கு மேல்படிப்புப் படிக்கப் போனான். இரண்டாம் வருஷமே படிப்பை விட்டுவிட்டு ஹோட்டல் சமையலறைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தான். அம்மாவின் போனுக்குப் படங்கள் அனுப்புவான், படத்தோடு ஒரு வார்த்தை இருக்காது. கல் படிக்கட்டு, கவிழ்த்து வைத்த படகு, மதில்மேல் பூனை, மழை பெய்து ஓய்ந்த ஒரு சந்து. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் போன் செய்து ஊருக்கு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றான். பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவரிடம் பேசுகிற குரலில் அடைக்கலம் சார், "படிப்பை முடிக்காம இங்க வந்து நிக்காதே" என்றார். அவன் சரிப்பா என்று வைத்துவிட்டான். இரண்டு மாதம் கழித்துக் கடைசியாக ஒரு படம் வந்தது, மலைமேல் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் கல்வீடுகள், கீழே ஒலிவ மரங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த எண்ணுக்குப் போட்டால் யாரோ ஒரு கிழவர் எடுத்து அவர் மொழியில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆறுமாதம்வரை உமையாள் அக்கா வாரம் ஒருமுறை அந்தக் கிழவரின் குரலையாவது கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு அதுவும் நின்றுபோனது.

நான் வெளிநாட்டில் இருபது வருஷத்துக்குமேல் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், தெருவில் அந்நிய எழுத்து எது வந்தாலும், மருந்துச் சீட்டானாலும் மிக்ஸி பெட்டியானாலும், என்னிடம்தான் வரும். அப்படித்தான் கதிரேசனின் படங்களும் வந்தன. ஒரு படத்தில் மீன்கடைப் பலகை, ஒன்றில் மணிக்கூண்டு, ஒன்றில் பஸ் நிறுத்தத்துப் பெயர் என்று ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்து, மூன்று மாதத்தில் ஒன்பது ஊர்களைக் கண்டுபிடித்தேன். மகனைத் தேடிப் போகிறோம் என்று சொன்னால் விசா தரமாட்டார்கள், சுற்றுலா என்று சொல்லுங்கள் என்று டிராவல்ஸ்காரர் சொன்னதால், நாங்கள் மூன்றுபேரும் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கடலோரத்தையும் மலையூர்களையும் காரில் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் ஒரு வயதான தம்பதியின் பயணத்தைத் திட்டமிட ஆரம்பித்தோம்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களைப் போலவே பேசினோம். அமால்ஃபியிலிருந்து ரவெல்லோவுக்கு ஏறும் வளைவுகள் கொல்லிமலை வளைவுகளைவிடக் கூடுதலா என்று சார் கேட்டார். தயிர் கிடைக்குமா என்று அக்கா கேட்டார். நேப்பிள்ஸில் கார் ஓட்டும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைப் போனில் பிடித்தோம், அவர் "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் அம்மா, அரிசி நான் கொண்டு வாறன்" என்றார். கயேட்டாவில் இரண்டு விடுதிகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடல் தெரியும் பால்கனி உள்ளதையே எடுத்துவிடலாம் என்று அக்காவே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்த வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அந்த மேஜையில் நாங்கள் சந்தோஷத்தில் மாட்டிக்கொண்ட தருணங்கள் நாலைந்து உண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ஊர்களின் வரிசையில்தான் முதல் வாக்குவாதம் வந்தது. கடைசிப் படத்து ஊர் அப்ரிகாலே, வடக்கே பிரெஞ்சு எல்லையை ஒட்டி, இத்தாலியின் மேல் ஓரத்தில் இருந்தது; விமானம் இறங்குவது தெற்கே நேப்பிள்ஸில். கடைசியாகப் படம் வந்த ஊருக்கே முதலில் போய்விடுவோமே என்று அக்கா சொன்னார். சார் பென்சிலை வைத்துவிட்டு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் மேலே போய், மறுபடி கீழே இறங்கி, மறுபடி மேலே வருவதா, அவ்வளவும் டெட் மைலேஜ் என்றார். டெட் மைலேஜ் என்றால் ஆளில்லாமல் பஸ் வெறுமனே ஓடுகிற தூரம். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைக் குறைத்து மேலிடத்தில் பெயர் வாங்கியவர் அவர். நேப்பிள்ஸ், அமால்ஃபி, ரவெல்லோ, கயேட்டா, ஓர்வியெட்டோ, வோல்தெர்ரா, லெரிச்சி, கமோல்யி, கடைசியாக அப்ரிகாலே என்று தெற்கிலிருந்து வடக்காக, ஒரு கிலோமீட்டர் வீணாகாமல், நாளுக்கோர் ஊராக அவர் எழுதினார். அங்கே காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, நம் நேரம் ஒன்பது. ஊரெல்லாம் தேடி முடித்து அறைக்குத் திரும்புவது மத்தியானம் மூன்று, நம் நேரம் ஆறரை. வரைபடத்தில் அந்தக் கோடு அழகாக இருந்தது. நானும் சார் சொல்வதுதான் சரி என்றேன். அக்கா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு அமைந்தது, அன்றைக்கு அக்காவுக்குச் சந்திராஷ்டமம். நாளை மாற்ற முடியாதபோது எங்கள் பக்கத்தில் செய்வது பரஸ்தானம் வைப்பது: முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்து, போகப்போகும் திசையில் இருக்கும் ஒரு வீட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், அந்த நேரத்திலேயே பயணம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு, பிறகு ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை. அப்படி வைத்த பெட்டியைப் பயணம் முடியாமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துவரக்கூடாது. இத்தாலி மேற்கே, அவர்கள் வீட்டுக்கு மேற்கே என் வீடு. வியாழக்கிழமை காலை சுக்கிர ஹோரையில் இருவரும் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னறையில் வைத்தார்கள். அக்காவின் நாலு சேலை, சாரின் சட்டைகளும் வேட்டியும், ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மகனைப் பார்த்ததும் போட்டுக்கொள்ளச் சொல்லவென்று கீழ ராஜ வீதியில் வாங்கிய ஆகாய நீல முழுக்கைச் சட்டை, கடையில் மடித்தது மடித்தபடி, கழுத்துப்பட்டைக்கு அடியில் அட்டையும் உடம்பெல்லாம் குண்டூசியுமாக.

சனிக்கிழமை விசா மறுப்புக் கடிதம் வந்தது. கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன்: போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவர்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லையாம். அக்கா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். "போனவன் திரும்பி வரலைன்னுதானே தம்பி நாங்க போறோம்" என்றார்.

பெட்டியை எடுத்துப் போகவில்லை. புறப்பட்டதை எப்படி எடுப்பது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருச்சியில் அந்த விமானம் மேலே ஏறுகிற நேரத்துக்கு, என் முன்னறையில் ஜிப் இறுகுகிற சத்தம் கேட்டது. போய் இழுத்துப் பார்த்தேன், இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. மறுநாள் மாலை ஆறரைக்கு அது தானாகத் தளர்ந்தது. அக்காவையும் சாரையும் கூப்பிட்டுத் திறந்தோம். உள்ளே குளிர்ந்திருந்தது. அக்காவின் அரக்குச் சேலை கட்டிக் களைந்ததாய், கொசுவத்தின் கீழ்விளிம்பில் கறுப்பு எரிமலைத் தூசியோடு இருந்தது. சாரின் சட்டை முதுகு வியர்த்துக் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மீனும் பெட்ரோலும் வறுத்த காப்பிக்கொட்டையும் கலந்த ஒரு பெரிய துறைமுகத்தின் வாசனை எழுந்து அறையை நிறைத்தது. நீலச் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. எங்கள் மூவரில் அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. சட்டையை எடுத்து ஊசிகளை விரலால் தொட்டு எண்ணினார், ஏழும் இருந்தன.

"பிரிக்கலை. இந்த ஊர்ல அவன் இல்லை" என்றார்.

சார் தன் தாளை எடுத்து, நேப்பிள்ஸுக்கு எதிரே வருகை நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். மூன்றாம் தெரு அன்றிலிருந்து அந்த அட்டவணைப்படி ஓட ஆரம்பித்தது.

தெருமுனையில் தேய்ப்புவண்டி வைத்திருக்கும் பெத்தபெருமாள் துணிகளைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். ஆறரைக்கு அழுக்கை வாங்கி, அலசிப் போட்டு, விடிந்ததும் தேய்த்து, ஒன்பது மணிக்கு ஜிப் இறுகுவதற்குள் சாரின் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஊர் மண்ணுக்கு நம்ம கட்டிச் சோப்பு கேட்கவில்லை என்பதுதான் அவருடைய ஒரே முறையீடு. நாலாவது வீட்டுத் தையல்காரம்மா ரஹ்மத்துன்னிசா, இவ்வளவு தூரம் போகிறவர்கள் பட்டினியாகவா போவார்கள் என்று எலுமிச்சைச் சோற்றை ஒரு தூக்கில் வைத்து அனுப்பினார். நாலாம் நாள், பெட்டி கயேட்டாவில் இருந்தபோது, தூக்கு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன ஒலிவக்காய்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது என்று தெருவே மெச்சிக்கொண்டது, வீட்டுக்கு ஒரு காய் வந்தது, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தவர்களும் கொட்டையைத் துப்பாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆஸ்துமா உள்ள ஒருவர் கடல்காற்று படட்டும் என்று தன் இன்ஹேலரை உள்ளே வைத்தார். வார்டு கவுன்சிலர் சாக்கடைக்கு மூடி கேட்டு ஒரு மனு வைத்தார். அது மலையூர் இரண்டைச் சுற்றிவிட்டு மூலையில் காப்பிக் கறையோடு திரும்பியது, நம்ம ஆபீஸில் கறையும் படாமல் அல்லவா கிடக்கும், அவர்கள் பிரித்தாவது பார்த்திருக்கிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் முதலில் நடக்கும். யார் சாமானை யார் எடுத்துக்கொள்வது, ரவெல்லோக் காற்று எப்படி மணக்கிறது, அமால்ஃபியிலிருந்து சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை இலை நம் எலுமிச்சை இலையைவிட ஏன் இவ்வளவு பெரிசு, எல்லாம் பேசி முடித்தபிறகு, பேச்சு தானாக வற்றும். அக்கா நீலச் சட்டையை எடுப்பார். ஒன்று, இரண்டு என்று விரல் ஊசிமேல் போகும். ஏழு என்று விரல் நின்றதும் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தெருவுக்கு ஆறரையிலிருந்து ஏழுவரை ஒரு திருவிழாவும் ஒரு துக்கமும் தினமும் நடந்தது, இரண்டுக்கும் அதே ஆட்கள் வந்தார்கள்.

ஓர்வியெட்டோ போனது. அந்தப் பாறையூரின் கிணற்றுக் குளிர் சேலையில் இருந்தது, சட்டையில் இல்லை. வோல்தெர்ரா போனது. வெண்கல் செதுக்குகிற தூள் சாரின் வேட்டியெல்லாம் மாவுபோலப் படிந்திருந்தது, நீலச் சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அன்றிலிருந்து அக்கா சாப்பிடுவதை விட்டார், யார் சொல்லியும் காப்பி மட்டும் குடித்தார். செவ்வாய்க்கிழமை லெரிச்சி. கடல்நீரில் கால் நனைத்த ஈரம் சேலைக் கரையில் காயாமல் இருந்தது. அவர் அதைப் பிழிந்துகூடப் பார்க்கவில்லை, ஊசிகளையும் எண்ணவில்லை, சட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போனபிறகு, என்னைப் பார்த்துச் சொல்வதுபோலக் கணவருக்குச் சொன்னார்: "இன்னும் ரெண்டு ஊருதான். அங்கயும் பிரிக்கலைன்னா, அதுக்கப்புறம் காலையில நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

சார் தாளை எடுத்துப்போய் என் சாப்பாட்டு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் செருகினார். ஒவ்வொரு ஊரும் இல்லை இல்லை என்று திரும்பி வரும்போது, வந்து நிக்காதே என்று தான் சொன்ன சொல்தான் ஒவ்வோர் ஊர் வாசலிலும் தனக்கு முன்னால் போய் நிற்கிறது என்று இரண்டு நாளைக்கு முன் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை கமோல்யி. காலை ஏழரைக்கே தேய்த்த துணிகளோடு வந்த சார், நீ உன் வேலையைப் பார் தம்பி, நான் அடுக்கிக்கொள்கிறேன் என்றார். மின்விசிறியைப் போடப் போனேன், வேண்டாம் என்றார். எட்டரைக்கு முன்னறைக்குக் காப்பி கொண்டுபோனபோது, கதவிடுக்கு வழியாக, அவர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தோளில் பிடித்து, வயிற்றில் இரண்டு பொத்தான் கூடாமல், காற்றில்லாத அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். குண்டூசிகள் ஏழும் ஜன்னல் கட்டையில் வரிசையாக இருந்தன. காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டேன். தடுத்திருக்கலாம். அவர் செய்வதைப் பார்த்தபோது எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது, அதை மறைப்பதற்கில்லை.

ஒன்பதடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில், களைந்து எறிந்தது போலச் சட்டையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு மூடினார். என்னைக் கூப்பிட்டார். இருவரும் நின்றோம். ஒன்பதாயிற்று. ஜிப் இறுகும் சத்தம் வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. அவர் குனிந்து ஜிப்பைத் தொட்டார், அது எந்தச் சாதாரணப் பெட்டியின் ஜிப்பையும் போல வழுக்கிக்கொண்டு திறந்தது.

"கிளம்பலை" என்றார்.

சட்டையை வெளியே எடுத்து உதறினார், மறுபடி மடித்தார், ஊசிகளை எடுத்துக் குத்தினார். கடைக்காரர்கள் எப்படி மடிக்கிறார்களோ, நம் கைக்கு அது வருவதில்லை. கைப்பகுதி வெளியே வந்தது, அட்டை மடங்கியது, இரண்டு ஊசி விரலில் ஏறியது. பெத்தபெருமாளைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒன்பதே முக்காலுக்கு அவர் ஊசிகளை எல்லாம் மறுபடி பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நீலச் சட்டையைச் சுருட்டி உள்ளே வைத்து மூடிவிட்டு, எதிர்வெயிலில் குடைகூட இல்லாமல் வீட்டுக்கு நடந்து போனார். ஆறரை மணிவரை அந்தப் பெட்டி என் வீட்டில் வெறும் பெட்டியாக இருந்தது. தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அறையின் சூட்டோடுதான் இருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் வந்தார்கள். அக்கா திறந்தார். மேலேயே கிடந்தது, பிரித்து, உடுத்தி, கசங்கி, அக்குளில் ஈரம் காய்ந்த வளையத்தோடு. அக்கா சட்டையை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சை அவர் எத்தனை நேரம் வெளியே விடவில்லை என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டையை முகத்திலிருந்து எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து, "பார்த்துட்டோம்" என்றார்.

ரஹ்மத்துன்னிசா ஓவென்று அழுதார். கவுன்சிலர் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். அரைமணி நேரத்தில் கேசரி வந்தது, யார் வீட்டு அடுப்பில் கிண்டியது என்று தெரியவில்லை. ஆஸ்துமாக்காரர் வீட்டு வாசலில் சரவெடி வைத்தார்கள், அவரே இருமிக்கொண்டு நின்று பார்த்தார். சாரின் கையைப் பிடித்துக் குலுக்காதவர் இல்லை, அவரும் ஒவ்வொருவர் கைக்கும் தன் கையைக் கொடுத்தார். பெத்தபெருமாள் மற்றத் துணிகளை எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டவர், அக்காவின் சேலையும் சாரின் சட்டைகளும் காலையில் தான் மடித்துக் கொடுத்த மடிப்பிலேயே இருப்பதைப் பார்த்தார். தன் மடிப்பு அவருக்குத் தெரியாதா. என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், துணிகளை மெல்லத் திரும்ப உள்ளே வைத்தார். "மகனைப் பார்த்த சந்தோஷத்துல துணி அழுக்கே ஆகலை போல, எனக்கு இன்னைக்கு லீவு" என்று சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். நான் சொம்பை எடுத்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "முப்பத்தாறு வருஷமா அவுக சட்டையைத் துவைக்கிறவ நான், தம்பி" என்றார். "எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அப்புறம் அவுக உசுரோட இருக்க மாட்டாக." பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேசரி வாங்க வெளியே போனார். வோல்தெர்ராவுக்குப் பிறகு அவர் வாயில் போட்ட முதல் உணவு அது. சார் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டாம்முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பெட்டி அதோடு நின்றுவிட்டது, நிற்கத்தானே செய்யும் என்றது தெரு, பையனைப் பார்த்தாயிற்று, இனி எதற்கு அலைய வேண்டும். மூன்று வருஷமாக வாசலில் அக்காவைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவர்கள், மறுநாள் காலையிலேயே நிமிர்ந்து பார்த்து, பையன் இளைத்திருந்தானா, எப்போது வருகிறான் என்று கேட்டார்கள். கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தான் என்றார் அக்கா. தாடி வைத்திருந்தான் என்றார். ஒரு ஹோட்டலில் நல்ல வேலையாம், இப்போதைக்கு லீவு கிடைக்காதாம். கேட்டவர்கள் நிறைவோடு போனார்கள். அவனுக்காக நேர்ந்துகொண்டு கொடுமுடி கோயில் வரைக்கும் போகவிருந்த ஒருவர் பயணத்தை நிறுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் தன் வேண்டுதல்களுக்கு நடுவே அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவந்த ரஹ்மத்துன்னிசா, இனி அந்த இடத்தில் தன் தங்கை மகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அக்காவிடமே கேட்டுக்கொண்டு போனார். ஒரே நாளில், அவனைக் காணவில்லை என்று அறிந்தவர்கள் தெருவில் நாலுபேர் மட்டும் ஆனோம், நாலுபேரும் அதை ஒருவரோடு ஒருவர் பேச முடியாதவர்களாக இருந்தோம்.

வியாழக்கிழமை அப்ரிகாலே. அட்டவணை இன்னும் என் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது, அந்த வரிக்கு எதிரே மட்டும் கட்டம் காலி. ஆறரைக்குக் கால்மணி இருக்கும்போது பின்வாசல் கதவு தட்டப்பட்டது. அக்கா ஒரு கிண்ணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார், கிண்ணம் என்னுடையதல்ல. முன்னறைக்குப் போய், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மரநாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஊருக்குள் வண்டி போகாது, நடைதான் என்றேன். வீட்டுக்கு மேலே வீடு, சந்துக்கு மேலே வளைவு, எல்லாம் ஒரே கல். நடுவில் ஒரு சின்ன மைதானம், உட்காரக் கல்பலகைகள். எட்டிப் பார்த்தால் பள்ளத்தில் ஒலிவ மரங்கள். இவ்வளவு வருஷம் இரண்டு மொழியில் படித்தவனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் வரவில்லை.

"மத்தியானம் மூணு மணிக்கு அந்த மைதானத்துல ஆளுக இருப்பாங்களா?"

"இருப்பாங்க அக்கா. நிழல் விழுந்திருக்கும்."

ஆறரை ஆனது. ஜிப்பை இழுத்தார், வந்தது, உள்ளே பார்த்தார், துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன, மூடினார். அழவில்லை. அந்த மைதானத்துக் கல்பலகையில் உட்கார்ந்து, நேரமாகியும் வராத ஒருவனுக்காகக் காத்திருப்பவரைப் போல, கதவையே பார்த்தபடி இருந்தார். ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், வந்த வழியே போனார், கிண்ணத்தை மறந்து வைத்துவிட்டு.

அவர் பின்வாசலைத் தாண்டி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, முன்வாசலில் சார் நின்றார். பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே வந்தவர் பேப்பரை வாங்கிப் பிரிக்கவில்லை, நேராகப் பெட்டியருகே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் அசையாமல் ஆனார். கத்திரி வெயிலில் மரநாற்காலி எப்போதுமே சூடாகத்தான் இருக்கும். ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்துபோன சூடு வேறு.

"இங்க யாரும் உக்காந்திருந்தாங்களா தம்பி?"

"இல்ல சார். நான்தான்."

நான் நின்றுகொண்டிருந்தேன், என் கையில் அந்தக் கிண்ணம் இருந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார், பெட்டியைத் திறக்கவில்லை. சரி என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில், நாற்காலிப் பலகையின் மேல் பதித்துக்கொண்டு, அந்தச் சூடு முழுவதும் ஆறும்வரை நேரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.